தெரிஞ்ச கதையை இங்கிலீஷில் எழுதுவோம்

எங்கள் குழுவில் சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் இங்கிலீஷ் எழுதிப் பழகுகிறோம். அதை எப்படிச் செய்கிறோம் என்று உங்களுக்கும் சொல்லச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம்மில் நிறையப் பேர் எட்டாவது, பத்தாவது வரை படித்தவர்கள். எழுத்து தெரியும், வார்த்தையும் கொஞ்சம் தெரியும். ஆனா, "சொந்தமா ஒரு வாக்கியம் எழுது"ன்னு சொன்னா பேனா நகராது. என்ன எழுதுறது, எப்படி எழுதுறது என்று ரெண்டு கவலை ஒரே நேரத்தில் வரும். தெரிந்த கதையை எடுத்துக்கொண்டால் ஒரு கவலை தீர்ந்தது. எப்படி எழுதுவது என்பது மட்டும்தான் பாக்கி. கண்ணகி கதை தெரியாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டாங்க. அதனால் அதில்தான் ஆரம்பித்தோம்.

முதல் வாக்கியம், 'கண்ணகி சிலம்பை உடைத்தாள்.' தமிழில் செயல் கடைசியில் வரும். இங்கிலீஷில் அது நடுவில் வந்துவிடும். 'கண்ணகி புரோக் தி ஆங்க்லெட்.' ஆள், செயல், பொருள் என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக நிரப்பினால் வாக்கியம் வந்துவிடும்.

தமிழில் 'உடைத்தாள்' என்று சொன்னாலே செய்தது பெண் என்று தெரியும். 'புரோக்' என்பதில் அது தெரியாது. அதனால் முன்னால் 'ஷி' போட்டே ஆகணும். அதேபோல 'மதுரைக்கு' என்று நாம் பின்னால் சேர்ப்பதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், 'டு மதுரை.' கண்ணகியும் கோவலனும் புகாரிலிருந்து மதுரைக்குப் போனார்கள். 'தே வென்ட் ஃப்ரம் புகார் டு மதுரை.'

'எ', 'தி' ரெண்டும்தான் எல்லோரையும் குழப்பும். பாட்டி கதை சொல்வதை நினைத்துப் பாருங்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. அந்த ராஜாவுக்கு..." 'ஒரு ராஜா' என்கிற இடத்தில் 'எ கிங்'. 'அந்த ராஜா' என்கிற இடத்தில் 'தி கிங்'. முக்கால்வாசி இடத்துக்கு இது போதும்.

கதை மனசில் நின்றதும் வரலாற்றுக்குப் போனோம். அதில் வருஷமும் காரணமும் வரும். 1772-ல் காளையார்கோவில் சண்டையில் வேலு நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் இறந்தார். நாச்சியார் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். 1780-ல் சிவகங்கையை மீட்டார். ஒருத்தர் 'ஹூ, வேர், வென், ஒய்' என்று கேட்பார், இன்னொருத்தர் பதில் எழுதுவார். 'ஒய்'க்குப் பதில் எழுதும்போது 'பிகாஸ்' போட்டு ரெண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சேர்க்கப் பழகினோம். 'ஷி ஆஸ்க்ட் ஹைதர் அலி ஃபார் ஹெல்ப் பிகாஸ் ஷி வான்டட் சிவகங்கா பேக்.'

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அரசியின் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன். 'தி கோல்ட்ஸ்மித் ஸ்டோல் தி ஆங்க்லெட்.' இதையே 'தி ஆங்க்லெட் வாஸ் ஸ்டோலன்' என்றும் எழுதலாம். 'சிலம்பு திருடப்பட்டது.' வாக்கியம் சரிதான், ஆனால் திருடின ஆள் அதில் காணோம்! அந்தக் காலியிடத்தில்தான் கோவலன் பெயரை வைத்தார்கள். ராஜாவும் சரியாக விசாரிக்கவில்லை.

நம்ம போனுக்கு வருகிற மெசேஜும் இதே மாதிரிதான். 'யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் டெபிடட்.' பணம் எடுக்கப்பட்டது. யார் எடுத்தது? எதுக்கு? இருக்காது. எங்கள் குழுவில் ஒருத்தருக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தது. கேட்டுப் பார்த்தால், அவர் கேட்காத இன்சூரன்சுக்குப் பிடித்திருக்கிறார்கள். அவரே மூன்று வரி எழுதினார். 'ஹூ டெபிடட் திஸ் அமவுண்ட்? ஒய்? ஐ டிட் நாட் ஆஸ்க் ஃபார் இன்சூரன்ஸ்.' வங்கியில் வாங்கிக்கொண்டு நகலில் சீல் போட்டுக் கொடுத்தார்கள். பணம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் சீல் வைத்த தாள் எங்கள் ஃபைலில் இருக்கிறது. அதைக் காட்டி மாசாமாசம் கேட்கிறோம்.

வங்கிக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நமக்கு வருகிற மெசேஜும், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிற தாளும் பெரும்பாலும் இங்கிலீஷில்தானே இருக்கு? அதில் ஆள் யார், செயல் என்ன என்று தேடத் தெரியணும். கண்ணகி சும்மா அழுதுவிட்டுப் போகவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். நாமும் ஆதாரத்தோடு கேட்கணும்.

உங்கள் குழுவில் ஆரம்பிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாரம் ஒரு கதை, ஐந்து வாக்கியம். எழுதத் தெரியாத அக்காமார் கதையைச் சொல்லட்டும், தெரிந்தவர்கள் எழுதட்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் திருத்தி வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் கதை தெரிஞ்ச மாதிரி ஆச்சு. அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் அந்த நோட்டைக் கொண்டுவாங்க, மாத்தி மாத்திப் படிச்சுப் பாக்கலாம்.