கரி படிந்த பிளக்

பழைய கார் ஒன்றின் ஸ்பார்க் பிளக்குகளை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவனுக்கும் ஸ்பானருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது. மும்பை குர்லாவில் உருவான அவ்வகைக் காரின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. புதிய கார்களிலே பழகிய இளம் மெக்கானிக்குகள் பலர் இதனைத் தொடத் தயங்குகிறார்கள். ஆதலால், உடையவனே ஓரளவு கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒருநாள் மாலை மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது வண்டி இருமல் வந்த கிழவனைப் போல விட்டு விட்டு உதறிற்று. நான்கு சிலிண்டர்களில் ஒன்று தன் வேலையைச் சரிவரச் செய்யாவிட்டால் இவ்வாறு நேரும். இதனை மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். மறுநாளே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்று நான்கு புதிய பிளக்குகளை வாங்கி வந்தேன். பழையவற்றைக் கழற்றி, ஒருமுறைகூட உற்றுப் பாராமல் குப்பைக் கூடையில் எறிந்தேன், புதியவற்றை மாட்டினேன். வண்டி நன்றாக ஓடிற்று. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றே வாரங்களில் அதே பாலத்தில் அதே உதறல் திரும்பி வந்தது. நான் செய்த பிழை என்ன என்பதை அறிய, பிளக் என்பது யாது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

சென்னையில் 1903-ஆம் ஆண்டில் சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு கார் செய்தார். அது நீராவியால் ஓடியது; ஆகவே அதற்குப் பிளக் தேவைப்படவில்லை. வெளியே நெருப்பு மூட்டிக் கொதிகலத்து நீரைக் காய்ச்சினால் போதும். பெட்ரோல் எஞ்சினிலோ நெருப்பு சிலிண்டருக்கு உள்ளேயே, உரிய கணத்தில் பற்ற வேண்டும். பிரான்சு நாட்டில் லெனுவார் என்பவர் 1860-ஆம் ஆண்டிலேயே வாயு எஞ்சின் ஒன்றில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902-இல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்துப் பொறியாளர் ஹோனோல்டு, உயர்ந்த மின்னழுத்தம் தரும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்துக் காட்டினார். நம் நாட்டில் 1951-இல் தொடங்கப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் ‘மைக்கோ’ பிளக்குகள் பிற்காலத்தில் ஊர்தோறும் பெயர்பெற்றன.

பிளக்கின் நடுவே ஓர் உலோகக் கம்பி; அதைச் சுற்றிலும் பீங்கான்; பீங்கானைச் சுற்றி மரையுள்ள எஃகு உறை; உறையின் அடியிலிருந்து வளைந்து நிற்கும் மற்றொரு முனை. இரு முனைகளுக்கும் இடையில் சிறிய வெளி. இவ்வளவே பிளக்! பாட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. அதனை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்டிரிபியூட்டர் நான்கு சிலிண்டர்களுக்கும் முறைப்படி பகிர்ந்தளிக்கிறது. அந்த மின்சாரம் இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வேண்டும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் 1,500 முறை பொறி விட வேண்டும். அரை மணி நேரத்தில் 45,000 முறை. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இச்சிறு பொருளின் மீது உங்களுக்கு மதிப்பு உண்டாகும்.

இனி மாற்றும் முறையைக் கூறுகிறேன். எஞ்சின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். பத்மினியின் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு சூடாகப் பிளக்கைத் திருகினால் மரை கெட்டுப்போகும். அதன்பின் செலவு பிளக்கோடு நிற்காது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஒயர்களிலும் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 எனக் காகிதச் சீட்டு ஒட்டுங்கள். பொறி விழும் வரிசை 1, 3, 4, 2 என்பது. ஒயர்கள் இடம் மாறினால் வண்டி வெடிச்சத்தம் போடும், அல்லது கிளம்பவே கிளம்பாது. ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் தலையிலுள்ள மூடியைப் பிடித்து மெல்லத் திருகி எடுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைச் சைக்கிள் பம்பினால் ஊதி அகற்றுங்கள். இல்லாவிடில் அம்மண் சிலிண்டருக்குள் விழும். அதற்குரிய பிளக் ஸ்பானரைக் கோணாமல் நேராக வைத்துக் கழற்றுங்கள்.

புதிய பிளக்கை மாட்டுமுன் அதன் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகட்டால் அளக்க வேண்டும். இத்தகைய பழைய எஞ்சின்களுக்கு அது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், வண்டியின் கையேடு கூறுவதே முடிவானது. திருத்த வேண்டுமானால் வெளிமுனையை மட்டும் வளைக்கலாம். நடுமுனையைத் தொட்டால் பீங்கான் விரிசல் காணும். பிறகு பிளக்கை விரலால் மட்டுமே திருக வேண்டும். சில சுற்றுகள் தடையின்றி இறங்கினால் மரை சரியாகப் பிடித்தது என்று பொருள். தடுத்தால் வற்புறுத்தாதீர்கள், வெளியே எடுத்து மீண்டும் தொடங்குங்கள். விரலால் இறுகிய பிறகே ஸ்பானர். புதிய வாஷர் உள்ள பிளக்கைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை முடுக்கினால் பெரும்பாலும் போதும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். விரலால் ஆகும் வேலைக்கு ஸ்பானரைத் தூக்குபவன் நல்ல வேலைக்காரன் ஆகான்.

இவையெல்லாம் எனக்கு முதல் முறையே தெரிந்திருந்தன. தெரியாதது ஒன்று: கழற்றிய பிளக்கைப் படிக்க வேண்டும் என்பது. இரண்டாம் முறை அவற்றை ஒரு செய்தித்தாளின் மீது வரிசை மாறாமல் அடுக்கிவைத்துப் பார்த்தேன். பீங்கான் மூக்கு பிஸ்கட் நிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் நலமாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகவும் காற்றுக் குறைவாகவும் சேர்கின்றன. கார்புரேட்டரையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வெப்பம் மிகுந்துவிட்டது; பிளக்கின் வகையே பொருந்தாமலும் இருக்கலாம். எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. என் வண்டியில் மூன்று பிளக்குகள் பிஸ்கட் நிறம். மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் எண்ணெயில் தோய்ந்து கன்னங்கரேலென்று இருந்தது. அது மூன்றே வாரம் உழைத்த புதுப் பிளக்!

மந்தைவெளியில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அதைக் காட்டினேன். அவர் பிளக் இருந்த துளைகளில் ஒவ்வொன்றாகக் கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார். மூன்றாம் சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தது. ஒரு தேக்கரண்டி ஆயிலை அத்துளையில் விட்டு மறுபடி அளந்தார், அழுத்தம் உயர்ந்தது. “ரிங் தேஞ்சு போச்சு சார். நான் ஊற்றின எண்ணெய் கொஞ்ச நேரம் சந்தை அடைச்சுது, அதான் ஏறுது. பிளக் மேல ஒரு தப்பும் இல்லே,” என்றார். பிஸ்டன் ரிங்குகளை மாற்றிய பிறகு, அதே பிளக்கைத் துடைத்து மாட்டினார். இன்றளவும் அது பிஸ்கட் நிறமாகவே இருக்கிறது.

“பிளக் மேல தப்பில்லே” என்ற அந்தச் சொல் என்னை வீடு வரை தொடர்ந்து வந்தது. அன்றிரவு உறங்கவும் விடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நான் வகுப்பாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன் முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடுவான். முதலில் அவனை முன் பெஞ்சுக்கு மாற்றினேன். பிறகு நிற்க வைத்தேன். அவனுடைய மதிப்பெண் அட்டையில் ‘கவனமில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். ஒருநாள் எழும்பூரில் இரயிலைப் பிடிக்க விடியுமுன் புறப்பட்டேன். கச்சேரி சாலையின் ஓரத்தில் தெருவிளக்கின் கீழே அவன் செய்தித்தாள்களைப் பிரித்துச் சைக்கிளில் அடுக்கிக்கொண்டிருந்தான். தந்தை படுத்த படுக்கையாக இருப்பதையும், நாள்தோறும் நான்கு மணிக்கு எழுவதையும் நான் கேட்ட பின்பே சொன்னான். அப்போது அவன் பள்ளியை விட்டு நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் வீட்டிற்குச் சென்று அழைத்தேன். அவன் மரியாதையாக எழுந்து நின்றான்; ஆனால் திரும்பி வரவில்லை.

அவன் மீது படிந்திருந்த கரியைக் கண்டேன். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேனில்லை. இடத்தை மாற்றினால் போதும் என்றிருந்தேன். காரில் நான் செய்த பிழைக்கு மூன்று வாரமும் சில நூறு ரூபாயும் போயின. வகுப்பில் செய்த பிழைக்கு ஒரு பிள்ளையின் படிப்பு போயிற்று.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள், சிலர் மருத்துவர், சிலர் என்னைப் போல் ஆசிரியர். எந்தத் தொழிலிலும் கறுத்துப்போன ஒன்று உங்கள் கைக்கு வரும். அதைத் தூக்கி எறிவது எளிது. எறியுமுன் ஒரு செய்தித்தாளை விரித்து, வெளிச்சத்தில் வைத்து, ஒரு நிமிடம் பாருங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய கார் ஒன்று இருக்குமாயின், பெரியவர்களின் அனுமதியோடும் துணையோடும், எஞ்சின் ஆறிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தப் பயிற்சியைத் தொடங்கலாம்.