மானுக்கு வைத்தியர் இல்லை



நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கேளையாடு என்றொரு சிறு மான் உண்டு. மிரண்டால் நாயைப் போலக் குரைக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அதைச் சுடுவது குற்றம். அதன் சீனத்துப் பங்காளி ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் ரீவ்ஸ் மன்ட்ஜாக். நாட்டு நாய் உயரம்தான். வளர்ந்த கடாவே பெரும்பாலும் 18 கிலோவைத் தாண்டாது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ஃபோர்டு கோமகனின் வோபர்ன் பூங்காவிலிருந்து இவை வெளியே பரவின. இவற்றை அடித்துத் தின்னக்கூடிய ஓநாயும் லின்க்ஸ் பூனையும் அந்த நாட்டில் என்றோ அழிந்துவிட்டன. மன்ட்ஜாக் பருவம் பார்க்காமல் ஈனும்; ஈன்ற சில நாட்களிலேயே மறுபடி சினை பிடிக்கும். வெட்டிய மரத்தில் துளிர்க்கும் கொழுந்து, வசந்தத்தில் காட்டுத் தரையை நீலமாக்கும் புளூபெல் பூ, நைட்டிங்கேல் குருவி கூடு கட்டும் அடர்ந்த புதர், எல்லாம் அதன் வாய்க்கு இரை. ஆகவே காட்டைப் பேணுகிறவர்களே அவற்றைச் சுட்டுக் குறைக்கிறார்கள். சுடுவதென்று ஆனபின், எப்படிச் சுடுவது என்பதே என் கவலை.

இங்கிலாந்தில் மற்ற மான்களுக்கு ரைபிளின் குழல் விட்டம் குறைந்தது 0.24 அங்குலம் இருக்க வேண்டும். மன்ட்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் 2007-இல் 0.22 அங்குலம் போதும் என்று தளர்த்தினார்கள். ஆனால் குழல் வாயிலில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். குண்டு 50 கிரெய்னுக்கு, அதாவது சுமார் மூன்றேகால் கிராமுக்குக் குறையக் கூடாது. முயல் சுடும் சிறிய ரைபிளுக்கும் இதே விட்டம்தான். அதன் ஆற்றலோ இதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதைக் கொண்டு மானைச் சுட்டால் காயம்தான் மிஞ்சும்.

புதருக்குள் நுழைந்து போகக் குட்டைக் குழல் வசதி. ஆனால் மருந்து எரிந்து குண்டை உந்துவதற்கு நீளம் வேண்டும். குழலை அறுத்துக் குறைத்தால் வேகம் குறையும், ஆற்றல் அந்த 1,000 என்ற கோட்டை நெருங்கிவிடும். ஆகவே பொறுப்புள்ள வேட்டைக்காரர் தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவதில்லை. தம் குழலிலிருந்து புறப்படும் குண்டின் வேகத்தைக் கருவி வைத்து அளந்து பார்க்கிறார்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பட்டதும் விரியும் குண்டாக இருக்க வேண்டும். கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையின் பெயரால் உலகம் அறிந்த குண்டு வகை அது. மனிதரை மனிதர் போரில் அப்படிச் சுடுவது கொடுமை என்று 1899-இல் ஹேக் மாநாடு விலக்கியது. அதே வகைக் குண்டை மானுக்குச் சட்டம் கட்டாயமாக்குகிறது. யோசித்தால் நியாயம் புரியும். அடிபட்ட சிப்பாயைத் தூக்கிப் போக ஆளுண்டு, மருத்துவமனை உண்டு. அடிபட்ட மானுக்கு வைத்தியர் இல்லை. புதருக்குள் போய்ப் படுத்து, நாள் கணக்கில் சாகும்.

இப்போது அந்தக் காட்டுக்குள் வாருங்கள். விடியற்காலை. ஓக் மரத்தில் சாத்திய பரண்மேல் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பதடி தூரத்தில் ஒரு பெட்டை முள்செடியை விலக்கி வருகிறது. இவ்வளவு கிட்டத்தில் குறி தப்பாது என்று நமக்குத் தோன்றும். ஆனால் மன்ட்ஜாக் நின்ற இடத்தில் நிற்காது. ஒரு வாய் கடிக்கும், இரண்டடி நகரும். முன்சப்பைக்குப் பின்னே நெஞ்சுக்கூடு முழுதாகத் தெரிய வேண்டும். நடுவே ஒரு சுள்ளிகூட இருக்கக் கூடாது. குண்டு புகுந்து அடங்கப் பின்னால் மண் வேண்டும். வயிற்றையும் அவர் பார்க்கிறார். ஏழு மாதச் சினை நிறையும் நேரத்தில் முந்தைய ஈற்றுக் குட்டி தானே மேயக் கற்றிருக்கும். வயிறு ஒட்டிய தாயைச் சுட்டாலோ, எங்கோ புதரில் பால்குட்டி பசியால் சாகும். ஆகவே நிறைசினைப் பெட்டையைச் சுடுங்கள் என்பதே அங்குள்ள அறிவுரை. கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆயினும் இரண்டு வேதனைகளில் சிறியதை எண்ணிச் சொன்ன சொல் அது.

இந்தப் பெட்டைக்கு வயிறு ஒட்டியிருக்கிறது. அவர் விரலை எடுத்துவிடுகிறார்.

வேறொரு நாள் எல்லாம் கூடி வரும், சுடுவார். மான் சில கஜம் ஓடி விழும். உடனே இறங்க மாட்டார். சில நிமிடம் பொறுத்து, மானின் பின்புறமாக நடந்து போய், நீண்ட குச்சி நுனியால் அதன் கண்ணைத் தொடுவார். இமை அசைகிறதா என்று பார்ப்பார். அசையவில்லை என்று தெரிந்த பிறகே ரைபிளைக் கீழே வைப்பார்.

கிட்டத்தில் போவது குறி எளிதாவதற்கு மட்டும் என்றிருந்தேன். அந்தக் கண்ணைப் பார்க்கிற தூரத்தில் நிற்கத் துணிந்தவருக்குத்தான் அந்த ரைபிளைத் தூக்க உரிமை உண்டு என்று இப்போது நம்புகிறேன்.