செடிகளின் ஆசிரியர்



கொடைக்கானல் போகிற வழியில் செண்பகனூர் வரும். அங்கே ஆங்லேட் இயற்கை வரலாற்று நிறுவனத்தைத் தொடங்கியவர் கே. எம். மேத்யூ அடிகளார். இயேசு சபைத் துறவி, திருச்சி தூய வளனார் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர். 2004-ல் காலமானார்.

பழனி மலைச் சோலைகளில் அவர் செடி செடியாகச் சேகரித்தார். எளிய வேலை இல்லை அது. பூவோடு ஒரு கிளையை நறுக்கி, செய்தித்தாள் மடிப்புக்குள் இலை மடங்காமல் விரித்து, அழுத்திக் காய வைக்க வேண்டும். பூவின் நிறத்தை அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். காய்ந்தால் நிறம் போய்விடும். எந்த இடம், என்ன உயரம், என்ன தேதி? இவையெல்லாம் எழுதாத செடி வெறும் சருகுதான்.

அப்படிச் சேர்ந்தவற்றுக்காகத் திருச்சியில் ஓர் உலர்தாவரக் காப்பகத்தை உருவாக்கினார். அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. அதே கல்லூரியில் முன்பு பாடம் நடத்திய ரபினாட் அடிகளாரின் பெயரை வைத்தார். செண்பகனூரிலும் அப்படியே. ஆங்லேட் என்பவர் அங்கே ஆசிரியராக இருந்து, இந்த மலைச் செடிகளை வண்ணத்தில் வரைந்த பிரெஞ்சுத் துறவி. மேத்யூ அடிகளாரை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, தன் பெயரை முன்வைக்காத இந்தப் பண்புதான்.

1999-ல் பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவருடைய நூல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. தைலமரம், வாட்டில் போன்ற அயல் மரங்கள் பரவிய சரிவுகளில் மறுபடி சோலை மரங்களை வளர்க்க விரும்புகிறவர்களுக்கு, எது இந்த மண்ணின் மரம் என்று காட்டுவது அந்த நூல்.

அடுத்த முறை கொடைக்கானல் போனால், பிள்ளைகளோடு செண்பகனூரில் கொஞ்ச நேரம் இறங்குங்கள். ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது.