மனுவும் எழுத்தே



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கவிதைக்குக் குறைவில்லை. அதே ஊர்களில் அரங்கேற்றமோ பாராட்டோ இல்லாத மற்றோர் எழுத்தும் நாள்தோறும் பிறக்கிறது. அதுவே மனு. ஒரு குடும்பத்தின் விடுதலை அதன் நான்கு வரிகளில் அடங்கிவிடுவதுண்டு.

இருளர் வாழ்வே இதற்குச் சான்று. அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்தால் கட்டுண்டவர்களை மீட்கவும், பழங்குடிச் சான்றிதழ் பெற்றுத் தரவும், திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் 1990களிலிருந்து பாடுபட்டு வந்துள்ளனர். சமூகப்பணி பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த எழுத்துப் பள்ளி வேறில்லை.

"சொல்லொணாத் துயரில் வாடுகின்றனர்" என்று மனுவில் எழுதினால் விசாரிக்கும் அதிகாரிக்குப் பிடி கிடைக்காது. முன்பணம் எவ்வளவு, கொடுத்தவர் யார், எந்த மாதம், கூலி என்ன, வேறிடம் செல்ல விட்டனரா என்று எழுதினால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அங்கே உயிர்பெறும். கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லும் கடனை அவ்வாறு அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு, அச்சட்டப்படி, கடன் கொடுத்தவரையே சாரும். ஆகவே ஏழையிடம் பத்திரம் இல்லாமற் போகலாம். அவர் வாக்குமூலம் தெளிவற்றிருத்தல் ஆகாது.

பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் பற்றி 'பந்துவா முக்தி மோர்ச்சா' அமைப்பு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாக ஏற்று, 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. குவாரிகளின் பெயர்களும் தொழிலாளர் விவரங்களும் அக்கடிதத்தில் இருந்தன. உருக்கம் மட்டுமன்று, விவரமும் சேர்ந்தே அக்கதவைத் திறந்தது.

களக்குறிப்பு எழுதும் மாணவர் கண்டது, கேட்டது, கருதியது ஆகிய மூன்றையும் கலக்கலாகாது. "பொறுப்பற்ற தந்தை" என்பது கருத்து. "சென்ற மூன்று நாளும் தந்தை வீட்டில் இல்லை" என்பது காட்சி. அவர் கரும்பு வெட்ட வெளியூர் போயிருக்கலாம்! 'படு' என்னும் துணைவினையிலும் எச்சரிக்கை வேண்டும். "அடிக்கப்பட்டார்" என்றால் அடித்தவர் வாக்கியத்திலிருந்தே தப்பிவிடுகிறார்.

சொல்லை அளந்து வைக்கும் பயிற்சி கவிஞரிடம் உண்டு. அடைமொழி மோகமும் உண்டு. முன்னதை மனுவுக்குக் கொடுங்கள். பின்னதை வாசலில் விட்டு வாருங்கள். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் மாதம் ஒரு மாலையை மனு எழுதும் பயிற்சிக்கு ஒதுக்கினால், இளைய சமூகப்பணியாளர் பலர் பயன்பெறுவர்.

இறுதியாக ஒன்று. எழுதியதை உரியவர்க்கு அவர் பேசும் தமிழில் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக்கூடாது. "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் சொன்னால், வரி எத்தனை அழகாயினும் அடித்துவிட வேண்டும். வாழ்க்கை அவருடையது, சொல்லும் அவருடையதாகவே இருக்கட்டும்.