வகுப்பறையில் ஓர் இடம்: உள்ளாட்சியும் நம் தொடக்கக் கல்வியும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் தொடக்கப் பள்ளி. இலக்கிய மேடையில் பள்ளிக்கூடக் கணக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எழுத்தறிந்த முதல் தலைமுறை இல்லாமல் தலித் இலக்கியம் ஏது? அந்தத் தலைமுறை எந்தப் பள்ளியில், யார் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து அரிச்சுவடி படித்தது என்பதும் நம் இலக்கிய வரலாறுதான்.

நிர்வாகம் எப்போதும் ஒன்று சொல்லும்: "தேவை இருந்தால் பள்ளி திறப்போம், சேர்க்கை கூடினால் வகுப்பறை கட்டுவோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தேவையை அளப்பது யார்? வாசலுக்கு வெளியே நிற்கிற பிள்ளை எந்தக் கணக்கில் வரும்? இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி இதுதான்.

பள்ளி வேண்டும் என்ற குரல் நம்மிடமிருந்து தாமதமாக எழவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நம் மக்களின் சார்பில் பேசினார். கோயில் நுழைவு பற்றிப் பேசியபோது எதிர்ப்பு கிளம்பியது. நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, தரிசு நிலம் என்ற கோரிக்கைகளைச் சபை ஏற்றுக்கொண்டது. 1893 பிப்ரவரியில் சென்னை அரசு, பஞ்சமர் கல்விக்கென 68ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. 1894இல் அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். குரலும் இருந்தது, ஆணையும் இருந்தது.

அப்படியானால் உள்ளாட்சிகள் நடத்திய பள்ளிகளில் நம் பிள்ளைகள் ஏன் உட்காரவில்லை? பள்ளி நடந்த இடத்தைப் பாருங்கள். பல ஊர்களில் அது அக்கிரகாரத்தில் நடந்தது, கோயில் மண்டபத்தில் நடந்தது, ஊர்ச் சாவடியில் நடந்தது. சேரிப் பிள்ளை கால் வைக்க முடியாத தெருவில் பள்ளியை வைத்துவிட்டு, சேரியிலிருந்து யாரும் சேர வரவில்லை என்று எழுதினால் அந்தக் கணக்குக்கு என்ன பொருள்?

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், கல்வி வரி விதிக்கவும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் நகராட்சிகளுக்கும் தாலுகா போர்டுகளுக்கும் வழி செய்தது. அதே காலத்தில் அரசின் தொழிலாளர் துறை நமக்கென்று தனிப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று நாம் அறிபவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. பொதுப் பள்ளியின் கதவு மூடியிருந்ததால்தான் அந்தத் தனிப் பள்ளிகள் பிறந்தன. இதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்தில் ஒரு சான்று உண்டு. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. வறுமையால் பிள்ளைகள் வராததால் பள்ளியின் சேர்க்கை குறைகிறது என்பது காரணம். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு உணவு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23இல் 811 பிள்ளைகள் இருந்தார்கள். 1924-25இல் 1,671 பேர். ஓர் அணாச் சோற்றுக்குச் சேர்க்கை இரு மடங்கானது.

இந்தக் கூடுதல் 860 பிள்ளைகளும் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர்களா? அவர்களில் பெரும்பாலோர் முன்பே அந்தந்தத் தெருக்களில் இருந்திருப்பார்கள். பசி அவர்களைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியிருந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு மறுத்ததால், 1925 ஏப்ரல் 1இல் அந்த உணவு நின்றது. ஒரு மன்றம் முடிவெடுத்தது. மேலே இருந்த ஒரு கை அதை நிறுத்தியது. பள்ளியில் எத்தனை இடம் என்பது, நிதி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதனால்தான் நம் முன்னோர் பள்ளிக்காகப் போராடியபோதே மன்றங்களில் இடத்துக்காகவும் போராடினார்கள். எம்.சி. ராஜா ஆசிரியராக இருந்து சட்டமன்றம் சென்றவர். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நமக்குள்ள உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பள்ளிக்குப் போகும் வழியும் பொதுச் சாலைதானே! 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1945இல் ந. சிவராஜ் என்று சென்னை மாநகராட்சியின் மேயர் நாற்காலியில் நம்மவர்கள் அமர்ந்தார்கள்.

இனி நம் புதுச்சேரிக்கு வருவோம். பிரெஞ்சு ஆட்சி 1880ஆம் ஆண்டு ஆணையின்படி இங்கே கொம்யூன்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை அமைத்தது. அத்தனை பழைய உள்ளாட்சி மரபு கொண்ட இந்த ஊரில், 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் நகராட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படவில்லை. பள்ளிகள் அரசின் கல்வித் துறையிடம் இருக்கின்றன. வார்டு உறுப்பினர் என்று நாம் போய்க் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் அரசமைப்புச் சட்டம் ஒதுக்கிய உள்ளாட்சி இடங்களும் அத்தோடு காலியாகக் கிடக்கின்றன.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 9ஆம் பிரிவை மாணவர்கள் எடுத்துப் படியுங்கள். அருகமைப் பள்ளி கிடைக்கச் செய்வது, நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் காப்பது, தன் எல்லையில் வாழும் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளின் பதிவேட்டையும் வைத்திருப்பது, புலம்பெயர்ந்து வந்த பிள்ளைகளைச் சேர்ப்பது எல்லாம் உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது அது. சேர்ந்த பிள்ளைகளின் பதிவேடு பள்ளியில் இருக்கும். சேராத பிள்ளையின் பெயரும் இருக்க வேண்டிய பதிவேட்டைத்தான் சட்டம் இங்கே கேட்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊரில் அந்தப் பதிவேட்டைக் காட்டு என்று யார் கேட்பது?

நாம்தான் கேட்க வேண்டும். அதற்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழு. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5 என்று தொடக்கப் பள்ளிக்குச் சட்டத்தின் அட்டவணை கணக்கு வைத்திருக்கிறது. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று குழு எழுதித் தந்தால்தான் எத்தனை வகுப்பறை, எத்தனை ஆசிரியர் என்று துறையிடம் வழக்காட முடியும்.

எனவே இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். குருசுக்குப்பத்தின் தெருக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகச் செல்லுங்கள். ஐந்து வயதைத் தொட்ட பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள், சேராதவர்கள் ஏன் சேரவில்லை, கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற வீடுகள் எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். அதைப் பெற்றோர் கையில் கொடுங்கள். அவர்கள் மேலாண்மைக் குழுவில் வைக்கட்டும். நகல் ஒன்று கல்வித் துறைக்கும், ஒன்று நகராட்சி ஆணையருக்கும் போகட்டும். உள்ளாட்சித் தேர்தல் கேட்கும் நம் மனுவோடும் அதை இணைப்போம்.

தேவை இல்லை என்று எழுதுகிறவர்களிடம் நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நீட்டுவோம். அயோத்திதாசர் 1892இல் கேட்டது நான்காம் வகுப்பு வரை. அந்த முதல் நான்கு வகுப்புகளே ஒரு பிள்ளைக்கு ஒழுங்காகக் கிடைக்காத தெரு ஒன்று இந்த ஊரில் இருந்தாலும், அந்தக் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது என்றே பொருள்.