மீண்டும் உயிர்த்த மலர்

வட அமெரிக்காவின் மான்டானா மலைச்சாரலில், இலைகள் வாடும் பருவத்தில், தரையோடு ஒட்டி இளஞ்சிவப்பாய் விரியும் பெருமலர் ஒன்றுண்டு. அதன் பெயர்க் கதையையே சொல்ல வந்தேன்.

சாலிஷ் முதலிய பழங்குடியினர் அதன் வேரைத் தோலுரித்து வேகவைத்து உண்பர். 1805இல் அதைச் சுவைத்த ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ், கசப்புத் தாளாமல் முகஞ்சுளித்தார்! ஆயினும் மறு ஆண்டு அச்செடியைப் பிடுங்கி, உலர்த்தி எடுத்துச் சென்றார். மாதங்கள் பல கழிந்தபின் பிலடெல்பியாவில் நட்டபோது, அவ்வுலர்ந்த வேர் தளிர்த்தது. 1814இல் தாவரவியலார் பர்ஷ் அதற்கு 'லூயிசியா ரெடிவிவா' எனப் பெயர் சூட்டினார். 'ரெடிவிவா' என்றால் மீண்டும் உயிர்பெற்றது. இப்பெயரைப் படிக்குந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது. லூயிஸ் 1809இலேயே, 35 வயதில் மாண்டுவிட்டார். அவர் வெறுத்த வேரைச் சாலிஷ் மக்கள் இன்றும் வேனில்தோறும் தோண்டுகின்றனர்.