குட்டியோடு கூடவே வரும் புழு

ஆறுமுகநேரி உப்பளப் பாத்தியில் நாயின் கொக்கிப்புழு பிழைக்காது. உப்பு அதைக் கொன்றுவிடும். நம் வீட்டு முற்றத்து மரநிழலில், ஈர மணலில் நன்றாகப் பிழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அதற்கு இன்னும் வசதி. நாயின் மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெறுங்காலோடு விளையாடிய பிள்ளையின் பாதத்தில் சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து நீண்டால், அரிப்பில் பிள்ளை தூங்காமல் அழுதால், சேற்றுப்புண் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மனிதக் குடலிலேயே வளர்ந்து ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு வகையும் நாய், பூனைகளிடம் உண்டு. நம் எதிர்க்கரையான இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலில் கிடைத்த அந்தப் புழுவை, லூஸ் என்ற அறிஞர் 1911-இல் விவரித்தார். அதன் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது.

மண்ணைத் தின்றால்தான் குட்டிக்குப் புழு வரும் என்று பலரும் நம்புகிறோம். ஆனால் நாயின் உருண்டைப்புழு, குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே அதற்குள் போய்விடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பாலோடும் வருகிறது. தெருவிலிருந்து பிள்ளைகள் ஆசையாகத் தூக்கிவரும் குட்டியின் உப்பிய வயிற்றைக் கொழுகொழு என்று கொஞ்சுகிறோமே, பெரும்பாலும் அது புழு வயிறு!

உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பிள்ளையின் விரல் வழியே வாய்க்குள் போனால், குஞ்சுப்புழு ஈரல், நுரையீரல் என்று அலையும்; சில வேளை கண்ணுக்குள் புகுந்து பார்வையையே கெடுக்கும். ஆனால் புதிதாக விழுந்த முட்டையால் தொற்றாது. மண்ணில் முதிர ஓரிரு வாரமாவது வேண்டும். ஆகவே மலத்தை அன்றன்றைக்கே அள்ளிப் புதைத்துவிட்டால் பாதி ஆபத்து போயிற்று.

மீதிக்கு மருந்து. நாய்க்குட்டி பிறந்து இரண்டு வாரத்தில் குடற்புழு மருந்தைத் தொடங்க வேண்டும். எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வாலடியில் அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்பவும் வரும்.

குட்டியைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் எடை பார்த்து மருந்து வாங்குங்கள். ஆட்டுக்கு வாங்கி வைத்த மருந்தில் மீதியை அதன் வாயில் ஊற்றிவிடாதீர்கள்.